ரியோவுக்குப் போன பனிச்சறுக்குக் காலணி

கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்கள் 1600களின் தொடக்கத்தில் கப்பல் கட்டிக்கொண்டு இந்தப் பக்கம் வந்தபோது விற்பதற்குக் கொண்டுவந்த முக்கியமான சரக்கு கம்பளித் துணி. சூரத் வெயிலுக்குக் கம்பளி! பைத்தியக்காரத்தனம் இல்லை, அவர்களிடம் இருந்தது அதுதான். இங்கிலாந்தின் வாழ்வே செம்மறியாட்டின் முதுகில் நடந்தது. பிரபுக்கள் சபையின் தலைவர் இன்றைக்கும் உட்காருவது கம்பளி திணித்த மெத்தையில்தான். 1700 வாக்கில்கூட அவர்களுடைய சொந்தச் சரக்கு ஏற்றுமதியில் பாதிக்கு மேல் கம்பளி.

இங்கே அதை வாங்க ஆள் வேண்டுமே. மொகலாயப் பிரபுக்கள் கொஞ்சம் வாங்கி யானை முதுகில் போர்த்தினார்கள், பல்லக்குக்கு உறை தைத்தார்கள். யானை புழுக்கத்தைப் பற்றிப் புகார் எழுதவில்லை. ஆனால் யானையை நம்பி எத்தனை நாள் கடை நடத்துவது? மிளகுக்கும் துணிக்கும் கடைசியில் வெள்ளிக் காசைத்தான் எண்ணிக் கொடுக்க வேண்டியிருந்தது.

கம்பளி விற்க உள்ளூரிலேயே, எதிர்த்துப் பேசாத ஒரு வாடிக்கையாளரைப் பார்லிமெண்ட் பிடித்தது. பிணம். 1666இல் ஒரு சட்டம், அது போதாதென்று 1678இல் இன்னொன்று: இறந்தவரைக் கம்பளியில் சுற்றித்தான் புதைக்க வேண்டும், மீறினால் 5 பவுன் அபராதம். கம்பளியில்தான் புதைத்தோம் என்று வீட்டார் சத்தியம் செய்து வேறு கொடுக்க வேண்டும். அபராதத்தில் பாதி, துப்புக் கொடுத்தவனுக்கு. பணக்காரர்கள் சும்மா இருப்பார்களா? தாத்தாவை நல்ல லினனில் புதைத்துவிட்டு, தங்கள் ஆளையே விட்டுத் தங்களைப் பற்றித் துப்புக் கொடுக்க வைத்துப் பாதிப் பணத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். இந்தச் சட்டத்தைத் தூக்கிக் கடாசவே 1814 ஆயிற்று.

இதற்கிடையில் 1639இல் மதராசில் கொஞ்சம் மணல்மேட்டை வாங்கிக் கோட்டை கட்டியிருந்தார்கள். சோழமண்டலக் கரையின் துணி மலிவாகக் கிடைக்கும் என்பதுதான் அந்த இடத்தில் அவர்கள் கண்ட பெரிய அழகு. அந்தத் துணி லண்டனுக்குப் போனது. தண்ணீரில் போட்டாலும் சாயம் போகாத பூப்போட்ட பருத்தி! சீமாட்டி முதல் வேலைக்காரி வரை கம்பளியைக் கழற்றி எறிந்தார்கள். ஸ்பிட்டல்ஃபீல்ட்ஸ் பட்டு நெசவாளர்களுக்கு வயிறு எரிந்தது. 1697இல் கம்பெனி அலுவலகத்தையே தாக்கினார்கள். 1719இல் இன்னும் கீழே இறங்கி, இந்தியத் துணி உடுத்திய பெண்களைத் தெருவில் துரத்தி மையையும் அமிலத்தையும் ஊற்றினார்கள். பார்லிமெண்ட் யாரைக் கண்டித்தது? துணியை. 1700இல் இந்திய அச்சுத் துணி இறக்குமதிக்குத் தடை, 1721இல் உடுத்தவே தடை. சுதந்திர வர்த்தகம் என்ற மகத்தான கொள்கையை அவர்கள் உலகத்துக்கு உபதேசம் செய்தது இதற்கு அப்புறம்தான். கதவை நன்றாகச் சாத்தி, உள்ளே உட்கார்ந்து தாங்களே நூற்கக் கற்றுக்கொண்ட பிறகு.

கற்றுக்கொண்டார்கள். அடிமைகள் பறித்த அமெரிக்கப் பருத்தியும் லங்காஷயர் யந்திரமும் சேர்ந்து துணியைக் கக்கித் தள்ளின. அந்த நேரம் பார்த்து 1806இல் நெப்போலியன் ஐரோப்பியத் துறைமுகங்களை இழுத்து மூடினான். ‘அந்த ஊர் இல்லையென்றால் அடுத்த ஊர்’ என்பதுதான் பிரிட்டிஷ் ஏற்றுமதியின் முழுச் சரித்திரமும். அது சூடு பிடித்தது இந்தக் கட்டத்தில்தான். நெப்போலியனுக்குப் பயந்து போர்த்துகல் ராஜகுடும்பம் 1808இல் பிரேசிலுக்கு ஓடிப்போய் அங்கே துறைமுகங்களைத் திறந்துவிட்டது. செய்தி கேட்டதும் மான்செஸ்டரில் கை அரித்தது. இருபது வருஷத்தில் அந்த ஊர் வாங்கியதைவிட அதிகமான துணியைச் சில வாரங்களில் அனுப்பினார்கள் என்று ஜான் மாவ் என்ற பிரயாணி எழுதி வைத்திருக்கிறார். ரியோவில் கிட்டங்கி நிரம்பி, சரக்கு கடற்கரையில் கிடந்தது. கொட்டாங்கச்சியில் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தவர்களுக்கு வெட்டுக் கண்ணாடிக் கோப்பை போனது. எல்லாவற்றுக்கும் சிகரமாக, யாரோ ஒரு புண்ணியவான் பனிச்சறுக்குக் காலணிகளைப் பெட்டி போட்டு அனுப்பினார். பனிக்கட்டி என்றால் என்னவென்றே தெரியாத ரியோவுக்கு!

பெட்டியைத் திறந்த ஏஜெண்டின் முகத்தை எண்ணிப் பார்க்கிறேன். அடியில் கூர்க்கத்தி வைத்த செருப்பு. தேங்காய் துருவவாவது ஆகுமா என்று பார்த்திருப்பார்.

சீனாவில் நடந்தது இதைவிடக் கேவலம். 1793இல் மக்கார்ட்னி பிரபு கடிகாரமும் கோள்களைக் காட்டும் பொறியுமாகப் போனார். எங்களிடம் எல்லாம் இருக்கிறது என்று சியன்லுங் பேரரசர் வழியனுப்பி வைத்தார். நல்ல வார்த்தை எடுபடாததால் அபினி போனது, அதற்குப் பின்னால் பீரங்கியும் போனது. 1842இல் துறைமுகங்கள் திறந்தன. இத்தனை கோடிச் சீனர்களுக்கு ஆளுக்கொரு காலுறை என்றாலே லங்காஷயர் மில் அத்தனையும் போதாது என்று குதித்தார்கள். ஷெஃபீல்டிலிருந்து ஒரு கம்பெனி கத்தி, முள்கரண்டிகளை மொத்தமாக அனுப்பியது. இரண்டு குச்சியால் ஆயிரக்கணக்கான வருஷம் சாப்பிட்டுக்கொண்டிருந்த ஜனம் அதைப் பார்த்துச் சிரித்திருக்கும். லண்டன்காரர் ஒருவர் பியானோக்களை அனுப்பினார். சீன விவசாயியோ வீட்டில் நூற்ற முரட்டுத் துணியையே கட்டிக்கொண்டு வயலுக்குப் போனான்.

ஆக, வேண்டாம் என்று சொல்ல வழியில்லாத ஒரு வாடிக்கையாளர் தேவைப்பட்டார். யார் என்று சொல்ல வேண்டியதில்லை.

இந்திய வியாபாரத்தில் மட்டும் அவர்கள் புத்தியோடு நடந்துகொண்டார்கள் என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். துணிக்கட்டின் மேல் பளபளவென்று ஒரு வண்ணப்படம் ஒட்டி அனுப்பினார்கள்: லட்சுமி, கிருஷ்ணன், பிள்ளையார். மான்செஸ்டரில் மாட்டிறைச்சி தின்றுவிட்டு வந்த பையன் ஒருவன் பசை தடவி லட்சுமியைத் துணியில் ஒட்டினான். இங்கே அதைப் பிய்த்துச் சட்டம் போட்டுப் பூஜையில் வைத்தார்கள். துணியைப் பற்றி மட்டும் கேட்கக் கூடாது. எடை கூட்டுவதற்காகக் கஞ்சியோடு கார்ன்வால் களிமண்ணையும் சேர்த்து ஏற்றினார்கள். கட்டைப் பிரித்தால் சில சமயம் பூஞ்சக்காளம் முதலில் வெளியே வரும். துவைத்தால் மண் கரைந்து ஓடி, கையில் கொசுவலை மிஞ்சும்.

இந்திய மில்கள் தலையெடுத்தபோது அதற்கும் மருந்து வைத்திருந்தார்கள். 1896இல் லங்காஷயர் துணிக்கு இங்கே மூன்றரை சதவீத இறக்குமதி வரி. கூடவே, பாரபட்சம் காட்டக் கூடாதல்லவா, பம்பாய் மில் துணிக்கும் அதே மூன்றரை சதவீத வரி. சொந்த ஊரில் நெய்து சொந்த ஊரில் விற்கிறவன், அடுத்தவன் கப்பல் கூலிக்கு அனுதாபம் தெரிவித்து வரி கட்டினான். 1925 வரை கட்டினான்.

1913இல் பிரிட்டன் ஏற்றுமதி செய்த பருத்தித் துணி சுமார் 700 கோடி கஜம். அன்றைய உலக ஜனத்தொகையில் ஆளுக்கொரு எட்டு முழ வேட்டி! அதில் 300 கோடி கஜம் இந்தியாவுக்கு. அதே வருஷம் 7 கோடி டன்னுக்கு மேல் நிலக்கரியையும் தோண்டி அனுப்பினார்கள். நிலக்கரி வியாபாரத்தில் வேடிக்கை குறைவு. எண்ணெய் வந்தது, போயிற்று.

வேடிக்கை யந்திர வியாபாரத்தில்தான். ரகசியம் வெளியே போய்விடும் என்று நெசவு யந்திரங்களை ஏற்றுமதி செய்யவே முதலில் தடை போட்டிருந்தார்கள். 1789இல் சாமுவேல் ஸ்லேட்டர் என்ற இளைஞன் யந்திரத்தை மண்டையில் ஏற்றிக்கொண்டு, பண்ணையாள் வேஷத்தில் அமெரிக்காவுக்குக் கப்பலேறிவிட்டான். சுங்க அதிகாரிகள் தலைக்குள் சோதனை போடவில்லை. 1843இல் தடையையே எடுத்துவிட்டார்கள். அப்புறம் கேட்க வேண்டுமா? ஓல்டாம் ஊர் பிளாட் பிரதர்ஸ், கேட்டவனுக்கெல்லாம் நூற்பு யந்திரம் விற்றார்கள். பம்பாய்க்கும் விற்றார்கள், ஒசாகாவுக்கும் விற்றார்கள். துணி விற்கிறவன் பக்கத்து வீட்டுக்குத் தறியையும் விற்று, எப்படி ஓட்டுவது என்று ஆள் அனுப்பிச் சொல்லியும் கொடுத்தான். 1933 வாக்கில் வளர்த்த கடா மார்பில் பாய்ந்தது: பருத்தித் துணி ஏற்றுமதியில் ஜப்பான் பிரிட்டனை முந்தியது. அதற்கு முன்பே, 1929இல், ஜப்பான்காரர் டொயோடா கண்டுபிடித்த தானியங்கித் தறியின் உரிமையை 1 லட்சம் பவுனுக்கு ஒப்பந்தம் போட்டு வாங்க வேண்டிய நிலை பிளாட் பிரதர்ஸுக்கு. டொயோடா குடும்பம் அந்தப் பணத்தைக் கார் ஆராய்ச்சியில் போட்டதாக ஒரு கதை உண்டு. பிரிட்டிஷ் மோட்டார் தொழிலுக்கு அந்தக் கார்கள் பிற்பாடு என்ன செய்தன என்பதை பர்மிங்ஹாமில் கேட்டால் சொல்வார்கள்.

1931இல் காந்தி லங்காஷயருக்கே போனார். அவருடைய அன்னியத் துணி பகிஷ்காரத்தால் அடிபட்ட டார்வென் ஊரில் மில் பெண்கள் அவரைச் சூழ்ந்துகொண்டு கை தூக்கி ஆரவாரம் செய்யும் போட்டோ இருக்கிறது. நடுவில் இடுப்புத் துணியோடு நிற்கிற மனிதர்தான் அந்தக் கூட்டத்திலேயே மிகக் குறைவாகத் துணி வாங்கும் வாடிக்கையாளர்.

அப்புறம் கழுதை தேய்ந்த கதை. 1938இல் 700 கோடி கஜம் 140 கோடிக்கு வந்தது. 1958இல் பிரிட்டன் விற்றதைவிட அதிகமான பருத்தித் துணியை வாங்கியது. சாம்ராஜ்யம் கைவிட்டதும் ‘அடுத்த ஊர்’ ஐரோப்பா என்று 1973இல் பொதுச்சந்தையில் சேர்ந்தார்கள். 2020இல் அதையும் உதறிவிட்டு மறுபடி ஊர் தேடக் கிளம்பினார்கள். இன்று அவர்கள் ஏற்றுமதியில் பாதிக்கு மேல் சரக்கே இல்லை. வங்கி, இன்சூரன்ஸ், வக்கீல் யோசனை. கிட்டங்கி வேண்டாம், பூஞ்சக்காளம் பிடிக்காது.

தேடல் 2025 ஜூலையில் இங்கே கொண்டுவந்து விட்டது. இந்தியாவோடு கையெழுத்தான ஒப்பந்தத்தில் நம் துணிக்கு அங்கே இறக்குமதி வரி ரத்து. 1721இல் சட்டம் போட்டவர்கள் கம்பளிக்குள் புரண்டு படுத்திருப்பார்கள். பதிலுக்கு அவர்கள் கேட்டு வாங்கியது, விஸ்கிக்கு இங்கே இருந்த 150 சதவீத வரியைப் பாதியாக்கி, பத்தாம் வருஷத்தில் 40க்குக் கொண்டுவருவது. பாட்டில் கணக்கில் ஸ்காட்ச் விஸ்கியை உலகத்திலேயே அதிகம் வாங்குவது இந்தியாதான். லட்சுமி படம் ஒட்டாமல், பீரங்கி காட்டாமல், நம்மவர்கள் தாங்களாகவே கேட்டு வாங்கும் சரக்கு ஒன்றை நானூறு வருஷம் கழித்துக் கண்டுபிடித்துவிட்டார்கள்.