வேலையை விடுதவன் பாக்க வேண்டிய தொடர்

ஏலே பேராண்டி, வேலையை விட்டுருவேன் விட்டுருவேன்னு மாசக்கணக்கா சவடால் அடிக்கியே, 'தி பிரிசனர்' பாத்திருக்கியா? 1967ல இங்கிலாந்து டிவில வந்த ஒற்றன் தொடர். உங்கப்பன் டவுசரு போடதுக்கு முந்தி வந்தது.

வேலையை எப்படி விடணும்னு அதுல பாரு. அந்த ஒற்றன் கார்ல விருட்டுன்னு வாரான். தடதடன்னு நடந்து உள்ள போறான். கடுதாசியை வச்சு மேசையில ஓங்கி ஒரு குத்து! தேத்தண்ணிக் கோப்பை துள்ளுது. மேசைக்கு அந்தப் பக்கம் உம்முன்னு உக்காந்திருக்கவரு யாரு தெரியுமா? கதைப் பொறுப்பு பாத்த ஜார்ஜ் மார்க்ஸ்டீனேதான். கதாநாயகன் பாட்ரிக் மெக்கூஹனோட ஒத்துப்போகாம, அவரும் பெறவு பாதியில கெளம்பிட்டாரு. ராஜினாமாவும் ஒட்டுவாரொட்டிதாம்லே.

வீட்டுல பெட்டி கட்டும்போது சாவித்துவாரம் வழியா மயக்கப் புகை விடுதானுவ. முழிச்சுப் பாத்தா அழகான ஒரு ஊரு. வேல்ஸ்ல போர்ட்மெய்ரியன்னு நெசமாவே இருக்கு. கிளஃப் வில்லியம்ஸ்-எல்லிஸ்னு ஒருத்தர் 1925லேருந்து ஆசை ஆசையாக் கட்டினது. பூச்செடி, பேண்டு வாத்தியம், வேளைக்குச் சாப்பாடு எல்லாம் உண்டு. ஆளுகளுக்குப் பேருதான் கெடையாது. இவன் ஆறாம் நம்பர். ஏன் வேலையை விட்டேன்னு கேட்டே உயிரை வாங்குதானுவ. கேக்கிற ரெண்டாம் நம்பர் ஆளு மாறிக்கிட்டே இருக்கான். இவன் வாயைத் தெறக்கணுமே! நீயா இருந்தா மொதக் காப்பிக்கே மேலாளர் பேரு, சம்பள பாக்கி, மாமியார் சண்டை எல்லாத்தையும் கொட்டியிருப்ப.

ஓடப் பாத்தா கடல்லேருந்து வெள்ளைப் பலூன் ஒண்ணு வந்து அமுக்கும். சிரிக்காதே. மொதல்ல அதுக்கு ஒரு வண்டிதான் செஞ்சானுவ, அது சரிப்படல. வானிலை பலூனை வச்சு ஒப்பேத்துனானுவ. வண்டி மட்டும் ஒழுங்கா ஓடியிருந்தா இன்னிக்கு அதை எவன் பேசப் போறான்?

மெக்கூஹன் கோழிப்பண்ணை, பாங்குன்னு சுத்திட்டு நாடகத்துக்கு வந்த மனுசன். 1960ல 'டேஞ்சர் மேன்'ல ஒற்றனா வந்தான். கதாநாயகிக்கு முத்தம் குடுக்க மாட்டேன், துப்பாக்கி கூடியமட்டும் வேண்டாம்னுட்டான். ஜேம்ஸ் பாண்ட் வேசம் தேடி வந்துச்சு, போன்னான். 'தி செயின்ட்' வந்துச்சு, அதையும் போன்னான். பொழைக்கத் தெரியாதவன்! நீ அவன் வழிக்கே போயிராதே. மேலாளர் முழு நிலாவைப் பிறைன்னாலும், "நானும் அதேதான் நெனச்சேன் சார்"னு சொல்லு. உன்னை எந்தப் பலூனும் தொரத்தாது. தொரத்த என்ன இருக்கு?

1968ல கடைசிக் கதை. அந்த ஊரை ஆட்டிவைக்கிற ஒண்ணாம் நம்பரோட முகமூடியைப் பிடுங்கினா உள்ள குரங்கு மூஞ்சி. அதையும் பிடுங்கினா... சொல்ல மாட்டேன், போ. பாத்த சனம் கொதிச்சுப் போச்சு. மெக்கூஹன் விளக்கம் சொல்லல, குடும்பத்தோட இங்கிலாந்தை விட்டே போயிட்டான். பெறவு அமெரிக்காவுல 'கொலம்போ' தொடர்ல கொலைகாரனா நடிச்சே ரெண்டு எம்மி விருது வாங்கினான். 2009ல, 80 வயசுல போய்ச் சேந்தான்.

மொத்தம் 17 கதைதான். கடைசி ரெண்டையும் ஒரே ராத்திரியில பாத்துரு. வெளங்கலைன்னு விடியக்காலம் வந்து என் கதவைத் தட்டுனே, கம்பு இருக்கு பாத்துக்கோ.