போனுக்குள்ளே ஒரு பல்லி

சத்தத்தை டெசிபலில் அளக்க வேண்டும் என்று இயற்பியல் வாத்தியார்கள் சொல்கிறார்கள். நம் வீடுகளில் அதை ரூபாயில்தான் அளக்கிறோம். எங்கள் தெருவில் விடியும் முன்னே பால் வேன் ரிவர்ஸ் எடுக்கும். அதன் பின்னால் அம்மன் கோயில் குழாய் ஸ்பீக்கர். அதற்கும் பின்னால் வரிசையாகத் தண்ணீர் மோட்டார், மிக்ஸி, குக்கர் விசில். இத்தனைக்கும் புரண்டுகூடப் படுக்காத குடும்பம் எங்களுடையது. அந்தக் குடும்பம், புதுப் போனுக்குள்ளிருந்து வந்த 'ட்ச்' என்ற சின்னச் சத்தத்துக்கு நடுராத்திரியில் மொத்தமாக எழுந்து உட்கார்ந்தது. பால் வேனுக்கு நான் பணம் கட்டவில்லை. போனுக்குக் கட்டியிருக்கிறேன், மாதத் தவணையாக இன்னும் கட்டப்போகிறேன். தவணை பாக்கி இருக்கிற பொருள் கிசுகிசுத்தாலும் கூச்சலாகத்தான் கேட்கும்.

முதல் சந்தேகம் பல்லி மேல் விழுந்தது. இடைவெளி விட்டு விட்டு 'ட்ச்... ட்ச்...' என்று வரும் சத்தத்துக்கு எங்கள் வீட்டில் வேறு யாரும் உரிமை கோர முடியாது. "தெக்குச் சுவத்துல சொல்லுது" என்றாள் அம்மா. எந்தத் திசையில் பல்லி சொன்னால் என்ன பலன் என்பதற்குப் பஞ்சாங்கத்தில் தனிப் பக்கமே உண்டு. அதை எடுக்கச் சொன்னாள். நான் பல்லியை முதலில் பிடிப்போம் என்று போன் டார்ச்சை அடித்துக்கொண்டு பீரோவுக்குப் பின்னால் பார்த்தேன். அங்கே சத்தம் கேட்டது. கட்டிலுக்கடியில் குனிந்தேன், அங்கேயும் கேட்டது. சமையலறைக்குப் போனேன்; அங்கேயும். தேடுகிறவனுக்கு முன்பாகவே வந்து காத்திருக்கும் பல்லியை யாராவது பார்த்திருக்கிறீர்களா? "ஏங்க, அது உங்க கையிலதான் இருக்கு" என்றாள் மனைவி.

பல்லி என்று நினைத்த வரை பலன் கேட்டவர்கள், போன் என்று தெரிந்ததும் விலை கேட்டார்கள். "இவ்வளவு காசைக் கொட்டி இப்போ இது தேவையா?" என்று மனைவி கேட்ட நேரம் பார்த்துப் போன் 'ட்ச்' என்றது. பேச்சுக்கு நடுவே பல்லி சொன்னால் பேசியது சத்தியம் என்பது எங்கள் வீட்டுச் சட்டம். "பாத்தியாடா, அதுவே ஒத்துக்கிச்சு" என்று அம்மா தீர்ப்பை உறுதி செய்தாள். காஞ்சிபுரம் வரதராஜப் பெருமாள் கோயிலில் தங்கப் பல்லியைத் தொட்டுவிட்டு வந்தால் தோஷம் போகும் என்ற பரிகாரமும் கூடவே வந்தது. "தொட வேண்டியது இவரா, போனா அத்தை?" என்று மனைவி கேட்டாள். அம்மா அதை நிஜமாகவே யோசித்தாள்.

என் மாமனார் மின்வாரியத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். காது கொஞ்சம் மந்தம். போனைக் காதில் அழுத்தி வைத்துப் பார்த்தும் அவருக்கு ஒன்றும் கேட்கவில்லை. கேட்காத அவர் சொன்ன விளக்கம்தான் கடைசியில் சரியாக இருந்தது. "மாப்பிள்ளை, தெருமுனை டிரான்ஸ்பார்மர் ஏன் 'உம்'முன்னு இருக்கு, தெரியுமா?" என்று ஆரம்பித்தார். காந்தமாகும்போது இரும்பு இம்மியளவு நீளும் என்பதை ஜேம்ஸ் ஜூல் 1842-லேயே கண்டுபிடித்துவிட்டார். நம் ஊர் மின்சாரம் விநாடிக்கு 50 சுற்று என்ற கணக்கில் திசை மாறி மாறி ஓடுகிறது. ஒரு சுற்றுக்கு இரண்டு தடவை டிரான்ஸ்பார்மரின் இரும்பு நீண்டு சுருங்குகிறது. ஆக விநாடிக்கு 100 அதிர்வு. அதுதான் அந்த 'உம்'. "உங்க போனுக்குள்ளயும் குட்டிக் குட்டிச் சுருள் இருக்கும். கரண்ட் ஏறி இறங்கினா அதுவும் முனகத்தான் செய்யும்" என்றார். முப்பது வருஷம் அந்த 'உம்'மோடு குடித்தனம் செய்தவர் சொல்கிறார். மறுக்க எனக்குத் தகுதி இல்லை.

அவர் சொல்லாமல் விட்ட இன்னொரு குற்றவாளியும் உண்டு. போனின் பலகையில் மணல் பருக்கை அளவில் செராமிக் கெப்பாசிட்டர்கள் நூற்றுக்கணக்கில் ஒட்டியிருக்கின்றன. மின்னழுத்தம் மாறும்போதெல்லாம் அந்தச் செராமிக் துளி விரிந்து சுருங்கும். மின்சாரத்துக்கும் படிகங்களின் நெளிவுக்கும் உள்ள உறவை ழாக் கியூரி, பியர் கியூரி என்ற அண்ணன் தம்பி 1880-ல் வெளிக்கொண்டு வந்தார்கள். துளி அசைந்தால் அது ஒட்டியிருக்கும் பலகையும் அதிரும். பலகை அதிர்ந்தால் நமக்குக் கேட்கும். மின்விசிறி கிடையாது, பல்சக்கரம் கிடையாது, ஆனாலும் சத்தம் உண்டு. போன் சும்மா இருக்கிறது என்று நாம் நினைக்கும்போதும் உள்ளே வேலை நடந்துகொண்டேதான் இருக்கிறது.

இதைக் கேட்டு நான் நிம்மதியாகும் நேரத்தில் பையன் வந்தான். "அந்த டிக் டிக்கை விடுப்பா. கூடவே 'கீ'ன்னு ஒண்ணு கேக்குதே, அது என்ன?" என்றான். எனக்கு அப்படி எதுவும் கேட்கவில்லை. மனிதக் காது 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும் என்பது இளம் வயதுக் கணக்கு. வயது ஏற ஏற மேல்பக்கத்தை இயற்கை பிடித்தம் செய்துகொள்கிறது. நான் பையனாக இருந்தபோது பக்கத்து வீட்டில் டிவி ஓடுகிறதா என்பதை ஜன்னலை எட்டிப் பார்க்காமலே சொல்வேன். அந்தக் காலப் படக்குழாய் டிவிகள் 625 கோடுகளை விநாடிக்கு 25 முறை வரைந்ததில், 15,625 ஹெர்ட்ஸில் மெல்லிய கீச்சொலி வரும். பெரியவர்கள் பலருக்கு அது கேட்காது. இன்று அந்தப் பெரியவர் நான். 2005-ல் பிரிட்டனின் வேல்ஸ் பகுதியில் ஹோவர்ட் ஸ்டேபிள்டன் என்பவர், கடை வாசலில் கும்பல் கூடும் பிள்ளைகளை விரட்ட, ஏறக்குறைய அவர்களுக்கு மட்டுமே கேட்கும் 17,400 ஹெர்ட்ஸ் கருவி ஒன்றைச் செய்தார், பெயர் 'மஸ்கிட்டோ'. பிள்ளைகள் விடுவார்களா? அதே மாதிரிச் சத்தத்தை ரிங்டோனாக வைத்துக்கொண்டு வாத்தியாருக்குக் கேட்காமல் வகுப்பில் மெசேஜ் வாங்கினார்கள். என் நிலைமை அந்த வாத்தியாரை விட மோசம். எனக்குக் கேட்காத சத்தம் ஒன்றுக்கும் சேர்த்து நான் தவணை கட்டிக்கொண்டிருக்கிறேன்.

இப்படிப்பட்ட நேரத்தில் வாடிக்கையாளன் தேடுவது தீர்வை அல்ல, துணையை. துணை உலகம் முழுக்க இருந்தது. 2016-ல் ஐபோன் 7 வந்தபோது, கடுமையாக வேலை வாங்கினால் முதுகுப் பக்கத்தில் 'ஸ்ஸ்' என்று சீறுகிறது என்றார்கள் வாங்கியவர்கள். உடனே அதற்கு 'ஹிஸ்கேட்' என்று பெயர் வைத்து, அரசாங்கமே கவிழப்போகிற மாதிரி பேசினார்கள். 2017-ல் ஐபோன் 8-ல் பேசும்போது காதுப் பக்கம் கரகரத்தது. ஆப்பிள் ஐஓஎஸ் 11.0.2 என்ற சாஃப்ட்வேர் அப்டேட்டை அனுப்பிச் சரி செய்தது. அதே வருஷம் கூகுளின் பிக்சல் 2-ஐக் காதில் வைத்தவர்களில் சிலருக்குக் கடிகாரம் போல டிக் டிக். பக்கத்தில் வைக்கும் கார்டோடு பேசும் என்எஃப்சி வசதியை அணைத்தால் நிற்கும் என்பது அப்போது சொல்லப்பட்ட கைவைத்தியம். 2022-ல் ஐபோன் 14 புரோவில் சில வெளிச் செயலிகள் கேமராவைத் திறந்ததும் லென்ஸ் கடகடவென்று நடுங்கியது; ஐஓஎஸ் 16.0.2 அதை அடக்கியது. லட்ச ரூபாய்ப் போன் வாங்கியவனும் இதே பாடுதான் பட்டிருக்கிறான் என்பதைப் படித்தபோது எனக்கு ஏற்பட்ட மனநிம்மதியை வெளியே சொல்லக் கூடாது.

சத்தம் இல்லாத இடத்தில் சத்தத்தை வரவழைக்கிறவர்களும் உண்டு. சந்தையில் தேங்காயை ஆட்டிப் பார்ப்பதுபோல் புதுப் போனைக் காதருகே ஆட்டிப் பார்ப்பார்கள். உள்ளே 'கடகட'. முகம் வெளுத்துவிடும். கை நடுங்கினாலும் படம் நடுங்காமல் இருக்க, பல போன்களில் கேமரா லென்ஸைக் காந்தங்களுக்கு நடுவே அசையும்படி விட்டிருக்கிறார்கள். கேமரா ஓடாதபோது அது தளர்வாகத்தான் இருக்கும், ஆட்டினால் ஆடத்தான் செய்யும். அது கோளாறு அல்ல.

எங்கள் எதிர்வீட்டுக்காரரும் அதே போன்தான் வைத்திருக்கிறார். ஆவலோடு போய், "சார், உங்க போன்ல டிக் டிக்னு சத்தம் வருதா?" என்று கேட்டேன். "சேச்சே, சுத்தமா இல்லையே!" என்றார். அதோடு நிறுத்தியிருக்கலாம். "நான் ஆடித் தள்ளுபடியில வாங்கினேன். நீங்க எவ்வளவு குடுத்தீங்க?" என்றார். அன்று இரவு டிக் டிக் இரண்டு மடங்காகக் கேட்டது.

சர்வீஸ் சென்டருக்குப் போனேன். உலகத்திலேயே மெல்லிய சத்தத்தைக் கேட்கவே முடியாத இடம் அதுதான். தலைக்கு மேல் ஏசி, சுவரில் விளம்பர டிவி, அரை நிமிஷத்துக்கு ஒரு டோக்கன் அறிவிப்பு. கவுண்டரில் இருந்த தம்பி மரியாதையாகப் போனை வாங்கிக் காதில் வைத்து, ஆகாயத்தைப் பார்த்து, "எனக்குக் கேக்கலையே சார்" என்றான். எனக்கும் கேட்கவில்லை. வீட்டில் மூன்று தலைமுறையின் மானத்தையும் வாங்கிய போன், அங்கே பெண் பார்க்க வந்தவர்கள் முன்னால் மாதிரி அடக்கமாக இருந்தது. "சத்தம் வரும்போது ரெக்கார்ட் பண்ணிட்டு வாங்க சார்" என்றான். இந்தப் போனின் சத்தத்தைப் பதிய இன்னொரு போன் வேண்டும் என்பதை அவனிடம் விளக்கினேன். "வாங்கிக்கலாம் சார், எக்ஸ்சேஞ்ச் ஆஃபர் இருக்கு" என்றான். ஜாப் ஷீட்டில் 'கஸ்டமர் சவுண்ட் வருதுன்னு சொல்றார்' என்று எழுதினான். அதைப் படித்தால் கோளாறு போனில் என்று தோன்றாது.

கடைசியில் பையன்தான் முடித்து வைத்தான். பிக்சல் 2 கதையைப் படித்துவிட்டு எங்கள் போனிலும் என்எஃப்சியை அணைத்தான். பக்கத்தில் ஏதாவது கார்டு இருக்கிறதா என்று அது விட்டு விட்டுத் துழாவுமாம். ஒவ்வொரு துழாவலுக்கும் ஒரு 'ட்ச்'. அணைத்ததும் பல்லி ஓய்ந்தது. மனைவிக்குத்தான் நஷ்டம், என் செலவுகளைப் பற்றி அவள் சொல்வதற்கு இருந்த ஒரே சாட்சி போய்விட்டது.

யோசித்துப் பார்த்தால், போன் சத்தம் போடுவதில் நமக்குக் கோபமே இல்லை. செல்போன் வந்த புதிதில், ரேடியோ பக்கத்தில் வைத்தால் அழைப்பு வருவதற்கு முன்பே 'டிட்டிடி டிட்டிடி' என்று இரையும். போன் விநாடிக்கு 217 தடவை விட்டு விட்டு அலை அனுப்பியதன் எச்சம் அது. யாராவது புகார் கொடுத்தோமா? "கால் வரப்போகுது" என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டோம். 2023-ல் பேரிடர் எச்சரிக்கைச் சோதனைக்காக அரசாங்கம் செய்தி அனுப்பியபோது பஸ்ஸில், ஆபீஸில், கல்யாண மண்டபத்தில் இருந்த போன்களெல்லாம் ஒன்றாக அலறின. ஒரு கணம் திகைத்தோம். எல்லார் போனும் அலறுகிறது என்று தெரிந்ததும் சிரித்தோம். ஊருக்கெல்லாம் வந்தால் அது சத்தம். என் போனுக்கு மட்டும் வந்தால் அது மோசடி.

ஆகவே வாசகர்களுக்கு என் அனுபவத்தில் சில வார்த்தை. போன் வாங்கிய அன்றே, மின்விசிறியை நிறுத்திவிட்டு அமைதியான அறையில் காதருகே வைத்துக் கேளுங்கள். பில் போட்ட கடையில் மாற்றித் தரும் கெடு எத்தனை நாள் என்று கேட்டு வையுங்கள். சார்ஜ் ஏறும்போது மட்டும் முனகினால் வேறொரு நல்ல சார்ஜரில் போட்டுப் பாருங்கள். சாஃப்ட்வேர் அப்டேட்டைத் தள்ளிப் போடாதீர்கள். சர்வீஸ் சென்டரில் உங்கள் புகாரை உங்கள் வார்த்தையிலேயே எழுதி வாங்குங்கள். கடைக்காரர் கைவிரித்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915 இருக்கிறது. மற்றபடி டிக் டிக், கீ, உம் எல்லாவற்றுக்கும் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். போனில் நீங்கள் நிஜமாகவே பயப்பட வேண்டியது பேட்டரி உப்புவதற்கு. அது பெரும்பாலும் சத்தமே இல்லாமல்தான் நடக்கும். மூடி எழும்பி நிற்கிறதா, திரை பிதுங்குகிறதா என்று அவ்வப்போது பாருங்கள். பார்த்தால் சார்ஜ் போடாமல், குத்தாமல், அழுத்தாமல் அன்றைக்கே கொண்டுபோய்க் கொடுத்துவிடுங்கள்.