பழைய விமானம் புது வானத்தில் பறக்குமா?

கேள்வி: ‘மைக்ரோசாஃப்ட் ஃபிளைட் சிமுலேட்டர் 2024’ வாங்க ஆசை. 2020 பதிப்புக்காக வேறு நிறுவனங்களிடம் காசு கொடுத்து வாங்கிய விமானங்கள் இதில் பறக்குமா, போட்ட பணம் போச்சா?
– ஒரு வாசகர், ஆண்டிமடம்.

பதில்: கவலை வேண்டாம், பெரும்பாலானவை பறக்கும். 2024 நவம்பர் 19-இல் வெளியான புதிய பதிப்பு, பழைய விமானங்களுக்கும் ஓடுபாதை ஒதுக்கியிருக்கிறது. வெளியே வாங்கியவற்றை ‘கம்யூனிட்டி’ ஃபோல்டரில் போட வேண்டும். இந்த வசதி கணினிக்கு மட்டும்தான்; எக்ஸ்பாக்ஸில் மைக்ரோசாஃப்டின் மார்க்கெட்பிளேஸைத் தவிர வேறு வாசல் கிடையாது.

ஆனால் கிளம்புவது வேறு, ஒழுங்காகத் தரையிறங்குவது வேறு. பிஎம்டிஜி 737, ஃபீனிக்ஸ் ஏ320 போன்றவற்றில் ஒவ்வொரு சுவிட்சுக்குப் பின்னாலும் பெரிய உழைப்பு இருக்கிறது. அவற்றைச் செய்தவர்களே 2024-க்காகத் திருத்தித் தரும் பதிப்பைத்தான் நம்ப வேண்டும். பழைய ஃபோல்டரை அப்படியே அள்ளிக் கொட்டினால் எது மக்கர் செய்கிறது என்றே தெரியாது. ஒவ்வொன்றாகப் போட்டு ஓட்டிப் பாருங்கள்.

இன்னொன்று: புதிய பதிப்பு, நிலப்பரப்பு மட்டுமின்றி மற்ற பலவற்றையும் பறக்கப் பறக்க இணையத்திலிருந்தே இழுக்கும். நொடிக்கு 50 மெகாபிட் வேகம் இருந்தால் நல்லது என்கிறார்கள்.

முதல் பயணத்துக்கு, கூடவே வரும் செஸ்னா 172 போதும். திருச்சியில் ஏறி, கொள்ளிடத்தைப் பிடித்துக்கொண்டு கிழக்கே போங்கள். இடப்பக்கம் கங்கைகொண்ட சோழபுரம். அங்கிருந்து வடக்கே திரும்பினால் உங்கள் ஊர். பிடித்த விமானங்கள் எல்லாம் சரியாக ஓடும்வரை 2020 பதிப்பை மட்டும் அழித்துவிடாதீர்கள்.