புல்லை மிதிக்காமல் பதவிக்கு வருவது எப்படி?

பூங்கா நிர்வாக வேலைக்கு நேர்காணல் கடிதம் வந்துவிட்டதா, தம்பி? வாழ்த்துகள். கையில் இருக்கும் தோட்டக்கலைப் புத்தகத்தை முதலில் மூடி வை. வேம்புக்கும் புங்கனுக்கும் வித்தியாசம் தெரிந்தவனைத் தேர்வுக்குழு கொஞ்சம் சந்தேகத்தோடுதான் பார்க்கும். உள்ளே கேட்கப்போகிற கேள்விகளே வேறு.

முதல் கேள்வி: "பூங்கா எதற்காக?" மக்கள் காற்று வாங்க என்று உளறிவிடாதே. திறப்பு விழாவுக்காக என்று சொல். வாசலில் இருக்கும் கருங்கல்லைப் பார்த்திருப்பாய். அமைச்சரில் ஆரம்பித்து மேயர், ஆணையர், மாமன்ற உறுப்பினர், செயற்பொறியாளர் வரை பொன் எழுத்தில் பெயர்கள். உள்ளே ஊஞ்சலின் சங்கிலி அறுந்திருக்கும், நீரூற்றில் கொசு முட்டையிட்டிருக்கும், உடற்பயிற்சிக் கருவியில் மிதிகட்டை காணாமல் போயிருக்கும். கல்வெட்டில் மட்டும் ஒரு கீறல் இருக்காது.

இரண்டாவது: "என்ன மரம் நடுவீர்கள்?" பொறி இங்கேதான் இருக்கிறது. நிழல் மரம் தலையெடுக்கப் பத்து இருபது வருடம் ஆகும். ஒப்பந்தக்காரருக்கோ மார்ச் 31-க்குள் பில் பாஸாக வேண்டும். ஆகவே பேவர் பிளாக் போடுவேன், செயற்கை நீர்வீழ்ச்சி வைப்பேன், அடுத்த ஆண்டு இரண்டையும் பெயர்த்துவிட்டு மறுபடி எஸ்டிமேட் போடுவேன் என்று சொல். மரமே வேண்டும் என்று அடம் பிடித்தால், ஜூன் 5 சுற்றுச்சூழல் தினத்தன்று போன வருடம் நட்டுப் பட்டுப்போன அதே குழியில் புதுக் கன்று வைக்கலாம். குழி வெட்டும் கூலி மிச்சம். அதற்கும் பில் உண்டு.

மூன்றாவது: "பூங்கா நேரம்?" காலை பத்து மணிக்குப் பூட்டு, மாலை நான்கு மணிக்குத் திறப்பு. வெயில் மண்டையைப் பிளக்கிற நேரத்தில் நிழல் யாருக்குத் தேவை? சித்தாளுக்கு, தள்ளுவண்டிக்காரருக்கு, ஆர்டர் வராமல் பைக்கோடு நிற்கும் டெலிவரிப் பையனுக்கு. இவர்கள் காலையில் ஷூ போட்டு நடக்க வருகிறவர்கள் அல்லவே! பூட்டிய கேட்டுக்கு வெளியே போய்ப் பார். மதில் தாண்டி நடைபாதைமேல் சாய்ந்த ஒற்றைக் கிளையின் நிழலில் நான்கு பேர் ஒண்டிக்கொண்டிருப்பார்கள். உள்ளே அரை ஏக்கர் நிழல் ஆளில்லாமல் கிடக்கும். அந்தப் பூட்டுக்குத்தான், தம்பி, உன்னை வேலைக்கு எடுக்கிறார்கள்.

பொது அறிவிலும் ஒரு கேள்வி வரும்: சென்னை மக்கள் பூங்கா. 1859-இல் ஆளுநர் டிரெவெல்யன் திட்டமிட்டது, 116 ஏக்கர், குளங்களும் மிருகக்காட்சி சாலையும் இருந்தன. விக்டோரியா மண்டபம் ஒரு பங்கை எடுத்துக்கொண்டது, மூர் மார்க்கெட் ஒரு பங்கு. நகரத்துப் பூங்காக்களைக் காக்க வேண்டிய மாநகராட்சியின் ரிப்பன் மாளிகையே 1913-இல் அந்த நிலத்தில்தான் எழுந்தது. வேலியே பயிரை மேய்ந்ததாகச் சொல்வார்கள். இங்கே வேலி பயிரின்மேல் மாடி கட்டிக் குடியேறியது.

சட்டத்தைப் பற்றிக் கேட்டால் தெரியாது என்று சொல்வதே உத்தமம். தமிழ்நாட்டில் பூங்காக்களையும் விளையாட்டுத் திடல்களையும் காக்க 1959-லேயே ஒரு சட்டம் போட்டாயிற்று. உள்ளாட்சிகள் பூங்காக்களுக்குப் பட்டியல் தயாரிக்க வேண்டும். அரசின் முன் அனுமதியின்றி அந்த இடத்தை வேறு எதற்கும் பயன்படுத்தக் கூடாது. பூங்காவுக்கென ஒதுக்கிய இடத்தைத் தனியார் மருத்துவமனைக்குக் கொடுத்தது செல்லாது என்று பெங்களூரு வழக்கில் உச்ச நீதிமன்றம் 1991-இல் தீர்ப்பளித்தது. 10,000 சதுர மீட்டரைத் தாண்டும் மனைப்பிரிவில் 10 விழுக்காட்டைத் திறந்தவெளியாக எழுதித் தர வேண்டும் என்றும் விதி இருக்கிறது. எழுதியும் தருகிறார்கள். பிறகு அங்கே முதலில் ஒரு மேல்நிலைத் தொட்டி வரும், அடுத்து பம்பு அறை, அப்புறம் ஒரு கொடிக்கம்பம், கொடிக்கம்பத்துக்கு நிழலாக ஒரு கொட்டகை. இதையெல்லாம் கண்டும் காணாமல் இருக்கத் தெரிந்தவனுக்கு நூற்றுக்கு நூறு.

கடைசிக் கேள்வி, பணியாளர் மேலாண்மை. இதற்கு நீ பதில் சொல்லவே வேண்டாம்; ஒப்பந்தக்காரர் சொல்லிவிடுவார். விடியுமுன் வந்து ஈர்க்குமாறால் சருகு கூட்டுகிற அம்மாவுக்குக் கையுறை கிடையாது, சேலை மாற்ற ஒரு அறை கிடையாது, கழிப்பறைச் சாவி மேஸ்திரியின் இடுப்பில். ஒப்பந்தம் கை மாறும்போதெல்லாம் அவருடைய வேலைக்காலம் மறுபடி முதல் நாளிலிருந்து ஆரம்பிக்கிறது. எந்தச் செடி தண்ணீருக்கு ஏங்குகிறது, எந்தக் கிளை அடுத்த காற்றுக்கு முறியும் என்று அவருக்குத் தெரியும். அவரை எந்தத் தேர்வுக்குழுவும் கூப்பிட்டு உட்காரவைத்து ஒரு வார்த்தை கேட்டதில்லை. கூலி பாக்கி என்று அவர் கேட்கப் போனால், "நாளைக்கு வா."

தம்பி எப்படியும் தேறிவிடுவான். வாசகர்களுக்கு ஒன்று. பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டித் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள்: என் வார்டில் பூங்காவென்று பட்டியலில் உள்ள இடங்கள் எவை? அவற்றின் பரப்பு எவ்வளவு? கூட்டுகிறவர்களுக்குக் கடைசியாகக் கூலி கொடுத்த தேதி எது? பதில் வந்ததும் தாளோடு போய் அந்த இடத்தில் நின்று அளந்து பாருங்கள். பகல் பன்னிரண்டு மணிக்கே போங்கள். கேட் பூட்டியிருந்தால், ஏன் என்று வார்டு மக்கள் கூடும் ஏரியா சபையில் எழுந்து கேளுங்கள். நம் வரிப்பணத்தில் வளர்ந்த நிழல் அது.