27.5 அங்குலப் பனியும் ஆலன் ரிக்மனும்

பிரிட்டிஷ் நடிகர் ஆலன் ரிக்மன் லண்டனில் காலமானது 2016 ஜனவரி 14ஆம் தேதி. எட்டு நாள் கழித்து, 22ஆம் தேதி வெள்ளிக்கிழமை, அமெரிக்காவின் கிழக்குக் கரையில் பனி கொட்டத் தொடங்கியது. இரண்டுக்கும் காரணகாரியத் தொடர்பு இருப்பதாக எந்த வானிலை ஆய்வாளரும் சொல்லவில்லை. ஆனாலும் ஒரு நடிகரின் படங்களை வரிசையாக உட்கார்ந்து பார்த்து முடிக்க மூன்று நிபந்தனைகள் கூடிவர வேண்டும்: வெளியே போக முடியக் கூடாது, யாரும் வந்து கதவைத் தட்டக் கூடாது, மின்சாரம் போகக் கூடாது. அந்த வார இறுதியில் வாஷிங்டனிலிருந்து நியூயார்க் வரை கோடிக்கணக்கானவர்களுக்கு முதல் இரண்டும் தாமாகவே வாய்த்தன. புண்ணியம் செய்தவர்களுக்கு மூன்றாவதும் வாய்த்தது.

அமெரிக்காவில் பனிப்புயலுக்குப் பெயர் வைப்பது அரசின் வேலை அல்ல. சூறாவளிகளுக்குப் பெயர் உண்டு. குளிர்காலப் புயல்களுக்கு தேசிய வானிலை சேவை பெயர் வைப்பதில்லை. இந்தக் குறையை 2012 முதல் 'வெதர் சேனல்' என்ற தொலைக்காட்சி தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டது. அதன்படி இந்தப் புயலுக்கு 'ஜோனஸ்' என்று பெயர். வாஷிங்டன்வாசிகளுக்கு அது போதுமான அளவு பயங்கரமாகப் படாததால் 'ஸ்னோசில்லா' என்று தனியாக ஒரு பெயர் சூட்டிக்கொண்டார்கள். அந்த நகரத்தின் பயத்தில் நியாயம் இருந்தது. இரண்டு நாள் முன்னால், ஜனவரி 20 மாலையில், ஏறத்தாழ ஓர் அங்குலப் பனி சாலையில் உறைந்ததற்கே ஊர் ஸ்தம்பித்தது. அதிபர் ஒபாமாவின் வாகன அணி விமானத் தளத்திலிருந்து வெள்ளை மாளிகைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஊர்ந்து வந்து சேர்ந்தது. ஓர் அங்குலத்துக்கே இந்தக் கதி என்றால் இரண்டடிக்கு என்ன ஆகும் என்பதைக் கணக்குப் போட்டுப் பார்த்தவர்கள் நேராகக் கடைக்கு ஓடினார்கள்.

கடையில் முதலில் தீர்ந்துபோவது ரொட்டி, பால், முட்டை. இந்த மூன்றையும் வைத்துச் செய்யக்கூடியது 'ஃபிரெஞ்ச் டோஸ்ட்' ஒன்றுதான் என்பதால், பனி வரும் என்று அறிவித்தவுடன் அமெரிக்கர்களுக்கு அதன்மீது தீராத ஆசை வந்துவிடுகிறது என்று அவர்களே தங்களைக் கேலி செய்துகொள்வதுண்டு. மின்சாரம் போனால் முதலில் கெட்டுப்போவதும் பால்தான். அதைப் பற்றி யாரும் வரிசையில் நின்று யோசிப்பதில்லை. கதவுக்கு வெளியே இரண்டடி உயரத்துக்கு இயற்கையான குளிர்பதனப் பெட்டி இருப்பதால் ஒருவகையில் அது சரியும்கூட.

பனியை அளப்பது எளிய வேலை போலத் தோன்றும். வெள்ளைப் பலகை ஒன்றைத் திறந்த வெளியில் வைத்து, அதன்மேல் விழுந்ததை அளவுகோலால் அளந்து, பிறகு துடைத்துவிட வேண்டும். ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறைக்கு மேல் துடைக்கக் கூடாது என்பது விதி. அடிக்கடி துடைத்தால் பனி அமுங்க நேரமில்லாமல் கணக்கு ஏறிவிடும். வாஷிங்டனின் ரீகன் தேசிய விமான நிலையத்தில் அளந்தவர்களுக்கு வேறொரு சிக்கல்: பனியை அளக்க வைத்த பலகையே பனிக்குள் புதைந்து, தேடியும் கிடைக்கவில்லை. அங்கே பதிவானது 17.8 அங்குலம், பக்கத்திலுள்ள டல்லஸ் விமான நிலையத்திலோ 29.3. நியூயார்க்கின் சென்ட்ரல் பார்க்கில் முதலில் 26.8 அங்குலம் என்றார்கள். பழைய சாதனையை மயிரிழையில் தவறவிட்டதாக நகரம் மனம் வெதும்பியது. சில மாதங்களில் ஆய்வுக்குழு கணக்கைத் திருத்தி 27.5 என்று அறிவித்தது. 1869இல் தொடங்கிய பதிவேட்டில் அதுவே உச்சம். பனி உருகி ஓடிப் பல வாரம் கழித்து ஓர் ஊர் தன் பனிக்காகப் பெருமைப்பட்ட அபூர்வ நிகழ்ச்சி இது.

சென்ட்ரல் பார்க் கணக்கை வீட்டு வாசலுக்குக் கொண்டுவந்தால் பெருமை கொஞ்சம் குறையும். 27.5 அங்குலம் என்பது ஏறத்தாழ 70 சென்டிமீட்டர். பத்து பங்கு பனிக்கு ஒரு பங்கு தண்ணீர் என்று பொதுவாகக் கொண்டால் சதுர மீட்டருக்கு 70 கிலோ. கார் நிற்கும் தளம் 30 சதுர மீட்டர் என்றால் வாரிப் போட வேண்டியது 2 டன்னுக்கு மேல். இந்தக் கணக்கை வாருவதற்கு முன்பு போட்டுப் பார்ப்பவர் குறைவு. பாதி வாரிய பிறகு போடுபவர்கள்தான் அதிகம். மற்ற நாளில் மாடிப்படி ஏறவே யோசிப்பவர்கள் அன்று மட்டும் வீரர்களாவதால் மாரடைப்பு வரும் என்று மருத்துவர்கள் ஒவ்வொரு குளிர்காலமும் எச்சரிக்கிறார்கள். எல்லாம் வாரி முடித்து இடுப்பை நிமிர்த்தும்போது நகராட்சியின் பனித்தள்ளு வண்டி சாலையைச் சுத்தம் செய்தபடி வந்து, சாலையில் இருந்ததையெல்லாம் வாசலில் ஒதுக்கிவிட்டுப் போகும். ஓட்டுநருக்கு எந்த வீட்டின் மேலும் பகை கிடையாது என்பதை நம்பக் கொஞ்சம் ஆன்மிகப் பயிற்சி வேண்டும். அந்தப் புயலில் மனம் நிறைந்து மகிழ்ந்த ஒரே வாஷிங்டன்வாசி, தேசிய விலங்கியல் பூங்காவின் தியான் தியான் என்ற பாண்டா. பனியில் மல்லாந்து புரண்ட அதன் காட்சியை உலகமே பார்த்தது. அதற்குக் கார் இல்லை.

சனிக்கிழமை பிற்பகல் நியூயார்க்கில் வாகனங்களுக்கே தடை வந்தது. பிராட்வே நாடகங்கள் ரத்தாயின. வீட்டில் இருப்பதைத் தவிர வேறு வழியில்லை என்ற நிலையில்தான் ரிக்மன் வருகிறார்.

அவரை நினைப்பதற்கு இதைவிடத் தோதான பொழுது அமையாது. திரையில் எதற்கும் அவசரப்படாத நடிகர் அவர். ஒரு சொல்லுக்கும் அடுத்த சொல்லுக்கும் நடுவே அவர் விடும் இடைவெளியில் மற்ற நடிகர்கள் ஒரு காட்சியை முடித்துவிடுவார்கள். வாழ்க்கையிலும் அதே நிதானம். 1946இல் மேற்கு லண்டனின் ஆக்டன் பகுதியில் உழைக்கும் குடும்பத்தில் பிறந்தார். எட்டு வயதில் தந்தையை இழந்தார். ஓவியக் கல்லூரியில் படித்து, நண்பர்களோடு வடிவமைப்பு நிறுவனம் நடத்தினார். ராடா நாடகப் பள்ளிக்குக் கடிதம் எழுதி வாய்ப்புக் கேட்டபோது வயது 26. படிக்கும் காலத்தில் நைஜல் ஹாதோர்ன், ரால்ஃப் ரிச்சர்ட்சன் போன்ற பெரிய நடிகர்களுக்கு மேடைக்குப் பின்னால் உடை மாட்டிவிடும் வேலையும் பார்த்தார். முதல் திரைப்படம் வெளிவந்தபோது வயது 42. ரீமா ஹார்ட்டனைச் சந்தித்தது 1965 வாக்கில். இருவரும் நியூயார்க்கில் திருமணம் செய்துகொண்டது 2012இல். விருந்தினர் யாரும் இல்லை. அதன் பிறகு புரூக்ளின் பாலத்தை நடந்து கடந்து மதிய உணவு சாப்பிட்டார்கள். நாற்பத்தேழு ஆண்டு யோசித்து எடுத்த முடிவைக் குறைசொல்ல எந்தப் பெரியவருக்கும் வாய் வராது.

அந்த முதல் படம் 1988இன் 'டை ஹார்ட்'. கிறிஸ்துமஸுக்கு முந்தைய இரவில் நடக்கும் கதையை ஜூலை மாதம் வெளியிட்டார்கள். அது கிறிஸ்துமஸ் படமா இல்லையா என்ற வாதம் ஒவ்வொரு டிசம்பரிலும் இன்னும் நடக்கிறது. கதை நடக்கும் இடம் லாஸ் ஏஞ்சலஸ். அங்கே பனிக்கு வழியில்லாததால் கடைசிக் காட்சியில் உடைந்த கட்டடத்திலிருந்து காகிதங்கள் பனியாகப் பொழிகின்றன. வாரித் தள்ள அவசியமில்லாத பனி. ரிக்மன் அதில் ஹான்ஸ் குரூபர் என்ற கொள்ளையர் தலைவன். முரட்டு உடுப்புக்குப் பதிலாக நல்ல கோட்டும் சூட்டும் போட்டால் என்ன என்று யோசனை சொன்னது அவர்தான். உயரத்திலிருந்து அவர் காற்றுமெத்தை மீது விழும் காட்சியில், மூன்று எண்ணியதும் விடுவதாகச் சொல்லிவிட்டு ஒன்றிலேயே கயிற்றை விட்டுவிட்டதாகப் படக்குழுவினர் சொல்லியிருக்கிறார்கள். திரையில் தெரியும் அந்த முகபாவத்துக்கு நடிப்புப் பயிற்சி எதுவும் பொறுப்பல்ல. அவர் வாழ்நாளில் அவசரப்படுத்தப்பட்டது அந்த ஒருமுறைதான் என்று எண்ணத் தோன்றுகிறது.

மூன்றாண்டு கழித்து 'ராபின் ஹுட்' படத்தில் நாட்டிங்ஹாம் ஷெரிஃப். ஏழைகளுக்குக் கொடுக்கும் மிச்ச உணவை நிறுத்துவதோடு கிறிஸ்துமஸையே ரத்து செய்யும் அதிகாரி. சிரிப்பு வசனங்கள் சிலவற்றை நண்பர்களான ரூபி வாக்ஸ், பீட்டர் பார்ன்ஸ் ஆகியோரின் உதவியோடு சத்தமில்லாமல் சேர்த்துக்கொண்டார். அந்த வேடத்துக்கு பாஃப்டா விருது கிடைத்தது; கதாநாயகன் கெவின் காஸ்ட்னர் என்பது பலருக்கு மறந்தும் போனது. ஆஸ்கருக்கு மட்டும் அவர் பெயர் ஒருமுறைகூடப் பரிந்துரைக்கப்படவில்லை. ஆஸ்கரின் பட்டியலில் இப்படி விடுபட்டவர்களுக்கென்றே தனி விழா எடுக்கலாம், மேடை நிறைந்துவிடும்.

திரையில் இத்தனை கெட்டவராக இருந்தவரைப் பற்றி அவர் மறைந்த வாரத்தில் உடன் நடித்தவர்கள் எழுதியதைப் படித்தவர்களுக்கு, வேறு யாரையோ சொல்கிறார்களோ என்று சந்தேகம் வந்திருக்கும். தன்னைச் சிறுவனாக அல்லாமல் சக நடிகனாக நடத்திய முதல் பெரியவர்களில் ஒருவர் என்றார், ரிக்மன் பேராசிரியர் ஸ்னேப்பாக வந்த ஹாரி பாட்டர் படங்களின் நாயகன் டேனியல் ராட்கிளிஃப். பிறகு லண்டனிலும் நியூயார்க்கிலும் ராட்கிளிஃப் மேடையேறிய நாடகங்களையெல்லாம் ரிக்மன் வந்து பார்த்திருக்கிறார். அழைத்தால், உலகின் எந்த மூலையில் இருந்தாலும் ஒரு நாளுக்குள் பதில் வந்துவிடும் என்பது நண்பர்கள் அனைவரின் வாக்குமூலம். (வசனத்தில் அடுத்த சொல்லுக்கு அத்தனை நேரம் எடுத்தவர், தொலைபேசியில் மட்டும் ஒரு நாளைத் தாண்டியதில்லை.) அதே படங்களில் நெவில் வேடத்தில் நடித்த மேத்யூ லூயிஸ் அவரைப் பார்த்து நடுங்கிய பையன். படப்பிடிப்பின் கடைசி நாளில் தைரியம் வரவழைத்து விடைபெறப் போனவரை ரிக்மன் உட்காரவைத்துத் தேநீர் கொடுத்து, அவருடைய எதிர்காலத்தைப் பற்றி நிதானமாகப் பேசினார். உணவக பில்லை எப்போதும் அவரே கொடுத்துவிடுவார் என்றும், நண்பர்கள் தடுத்தால் ஹாரி பாட்டர் பெயரைச் சொல்லி வாயை அடைத்துவிடுவார் என்றும் சொல்வார்கள். பணம் எங்கிருந்து வந்தது என்பதற்கு அதைவிடச் சுருக்கமான வரவு செலவு அறிக்கை கிடையாது.

கருணை என்றால் முகத்தைத் தொங்கப்போட்டிருக்க வேண்டும் என்று அவர் நினைக்கவில்லை. மூன்றாம் ஹாரி பாட்டர் படத்தில், பெரிய மண்டபத்தில் மாணவர்கள் எல்லோரும் தூக்கப் பைக்குள் உறங்கும் காட்சி. அதற்கு முன்பே ராட்கிளிஃபின் பைக்குள் ஒரு சிறு கருவியை ஒளித்துவைக்க யோசனை செய்தவர் ரிக்மன். தூரத்திலிருந்து அதை இயக்கியவர் மைக்கேல் காம்பன். காட்சி உச்சகட்டத்தை எட்டிய நேரத்தில், நூற்றுக்கணக்கான குழந்தைகள் நடுவே, மனித உடலிலிருந்து காற்றுப் பிரியும் ஓசை மண்டபமெங்கும் எதிரொலித்தது. பிரிட்டிஷ் நாடக மேடையின் இரு பெருமக்கள், தங்களுக்குள் நூறாண்டுக்கு மேற்பட்ட வயதை வைத்துக்கொண்டு செய்த காரியம் இது.

பனி நாளின் பிற்பகலில் நேரம் நகர மறுக்கும்போது அதே வேகத்தில் ஓடும் இரண்டு பதிவுகள் உண்டு. ஒன்று, டேவிட் மிக்கலெக் 2011இல் நியூயார்க்கின் லிங்கன் சென்டர் விழாவுக்காக எடுத்தது. ரிக்மன் அதில் தேநீர் கலக்குகிறார். அதிவேகக் கேமராவில் பிடித்து மிக மெதுவாக ஓட்டியதில், சாதாரணத் தேநீர் மகாபாரதப் போருக்குச் சமமான பரபரப்பை அடைகிறது. மற்றொன்று 2015 டிசம்பரில், ஆக்ஸ்ஃபோர்டு மாணவர்கள் அகதிகளுக்காகவும் குழந்தைகளுக்காகவும் நிதி திரட்ட எடுத்த சிறு காணொளி. ஆமை ஒன்று ஸ்ட்ராபெரி தின்கிறது. பின்னணிக் குரல் ரிக்மனுடையது. பார்ப்பவர் எண்ணிக்கையால் வரும் விளம்பரப் பணம் தொண்டுக்குப் போகும். அப்போது அவர் கணையப் புற்றுநோயால் நலிந்திருந்தார்; வெளியே யாருக்கும் தெரியாது. அதையும் அவர் வேடிக்கை குறையாமல் பேசியிருக்கிறார்.

நிஜமாகவே பனி கொட்டும் படங்களும் அவர் கணக்கில் உண்டு. பார்த்தவர்கள்தான் குறைவு. 1997இன் 'தி வின்டர் கெஸ்ட்' அவர் முதன்முதலாக இயக்கிய படம். கடல்கூட உறைந்துபோன ஸ்காட்லாந்துச் சிற்றூரில் ஒரே நாளில் நடக்கிறது. தாயும் மகளுமாக நடித்தவர்கள் நிஜ வாழ்விலும் தாயும் மகளுமான ஃபிலிடா லாவும் எம்மா தாம்சனும். ஆகையால் அவர்கள் சண்டையிடும் காட்சிகளில் பயிற்சிக் குறைவு தெரிவதில்லை. 2006இன் 'ஸ்னோ கேக்' கனடாவின் வாவா என்ற ஊரில், குளிர்காலத்தில் நடக்கிறது. சிகர்னி வீவர் ஆட்டிசம் உள்ள பெண். பனியை அள்ளித் தின்பதில் அவளுக்கு ஆனந்தம். அவள் வீட்டில் தங்க நேரும் ஆங்கிலேயராக ரிக்மன், பெரும்பாலும் சும்மா இருக்கிறார். சும்மா இருப்பதை அவரளவுக்குச் செய்த நடிகர் அரிது. ஊரெல்லாம் ஸ்னேப்பைக் கொண்டாடட்டும். நடிகரை அறிய இந்த இரண்டையும்தான் முதலில் பார்க்க வேண்டும்.

ஆனால் பனியில் அகப்பட்ட வீட்டில் குழந்தைகள் இருந்தால் இந்தத் தேர்வு செல்லுபடியாகாது, ஹாரி பாட்டர்தான். எட்டுப் படங்களும் சேர்ந்து ஏறத்தாழ பத்தொன்பதரை மணி நேரம். அதில் ஸ்னேப் திரையில் தோன்றுவது மொத்தம் முக்கால் மணி நேரம்கூட வராது என்று ரசிகர்கள் கடிகாரத்தை வைத்துக் கணக்கிட்டிருக்கிறார்கள். வாஷிங்டனில் கூட்டரசு அலுவலகங்கள் திங்களும் செவ்வாயும் மூடியே கிடந்தன; புதன்கிழமை மூன்று மணி நேரம் தாமதமாகத் திறந்தார்கள். எட்டுப் படத்துக்கும் நேரம் தாராளமாகப் போதும்.