யார் முதலில் கிளம்புவது?

பினாங்கு லிட்டில் இந்தியாவில் இரவு கடை சாத்தும் நேரம். மார்க்கெட் ஸ்ட்ரீட் முழுக்க ஷட்டர்கள் தடதடவென்று இறங்கும். நான் கணக்கெழுதும் துணிக்கடையில் மட்டும் ஷட்டர் பாதியில் நிற்கும். கல்லாவுக்குப் பக்கத்து லினக்ஸ் கணினி அணைந்தால்தானே வீட்டுக்குப் போக?

அணைக்கச் சொன்னதும் கறுப்புத் திரையில் சிவப்பு நட்சத்திரங்கள் இடவலமாக நடை பழகும். எதையோ நிறுத்திக்கொண்டிருப்பதாகவும், அதற்கு ஒன்றரை நிமிடம் கெடு என்றும் தகவல் வரும். ஒன்றரை நிமிடம் ஆனதும் கெடு மூன்று நிமிடமாகும்.

"தம்பி, நாசி கண்டார் கடையில லைன் நீண்டுக்கிட்டே போகுதுலா. பிளக்கைப் புடுங்கிடவா?" என்பார் முதலாளி.

புடுங்கக் கூடாது. பில் கணக்கெல்லாம் மேல்மாடி சர்வரில் இருக்கிறது. கீழே உள்ள கணினி என்எஃப்எஸ் வழியாக அதைச் சொந்த வட்டு போலப் புழங்குகிறது. 1984இல் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் தந்த ஏற்பாடு. சர்வர் வாய் திறக்காவிட்டாலும் விடாமல் கேட்டுக்கொண்டே இருக்கும். அந்தப் பிடிவாதம் எனக்குப் பிடிக்கும். சர்வர் செத்துப் பிழைத்தாலும் விட்ட இடத்திலிருந்து எழுத்து தொடரும். பகிர்வை இணைக்கும் அமைப்பில் 'சாஃப்ட்' என்று ஒரு சொல் சேர்த்தால் சீக்கிரம் கைவிட்டுவிடும் என்பார்கள் சிலர். தீபாவளிக் கணக்கு அரைகுறையாக நின்றால் முதலாளிக்குப் பதில் சொல்ல அவர்களா வருவார்கள்?

முதல் சந்தேகம், அணைக்கும்போது எதை எப்போது நிறுத்துவது என்று வரிசைப்படுத்தும் சிஸ்டம்டி மேல். சர்வர் பகிர்வைக் கழற்றிய பிறகே நெட்வொர்க்கை நிறுத்த வேண்டும். வைஃபையில் சில சமயம் இது தலைகீழாகும். ஃபெரியை நிறுத்திவிட்டு, "பட்டர்வொர்த் போய்க் கையெழுத்து வாங்கி வா" என்று ஆளை அனுப்புகிற கதை. (பாலம்தான் 1985லேயே வந்துவிட்டதே என்காதீர்கள். கணினிக்குப் பாலம் இல்லை.) ஆனால் எங்களுடையது கேபிள் இணைப்பு. சிஸ்டம்டி நிரபராதி.

ஜர்னல்சிடிஎல்லில் முந்தைய நாள் பதிவைப் புரட்டினேன். 'சர்வர் பதில் தரவில்லை, இன்னும் முயல்கிறேன்' என்ற வரி, நான் அணைக்கச் சொல்வதற்கு வெகுமுன்னரே விழுந்திருந்தது. மாடிப்படி ஏறினேன்.

மேலே சேலை மடிக்கும் அக்கா வேலை முடிந்ததும் மெயின் சுவிட்சைத் தட்டிவிட்டு இறங்குவாராம்.

"நான் என்னப்பா செய்ய? கரண்ட் பில்லு ஏறுதுன்னு லைட்டு, ஃபேன் எல்லாத்தையும் அடைக்கச் சொன்னதே முதலாளிதானே?"

எஃப்ஸ்டேப் கோப்பில், தேவைப்படும்போது மட்டும் பகிர்வை இணைக்கும் ஆட்டோமவுண்ட்டையும், சும்மா இருந்தால் பகிர்வு தானே கழன்றுகொள்ள ஒரு நேரக்கெடுவையும் சேர்த்தேன். இனிக் கேட்பாரற்றுக் கிடக்கும் பகிர்வு அணைக்கும் நேரத்தில் வழிமறிக்காது. ஆனால் பில் போட்டுக்கொண்டிருக்கும்போதே சர்வர் போனால் எந்தக் கெடுவும் உதவாது. கீழே கணினி அணையும்வரை மேலே சுவிட்சைத் தொடக்கூடாது என்று முதலாளி முன்னிலையில் அக்காவிடம் சொன்னேன்.

"நிக்கிறேன். ஓ.டி. எவ்வளவு?" என்றார் அக்கா.

முதலாளி என்னைப் பார்த்தார். "தம்பி, அந்த ஒன்றரை நிமிஷத்தை ஒரு நிமிஷமாக் கொறைக்க முடியுமா?"