சுண்டுவிரலுக்கு சீனியாரிட்டி தெரியாது

ஓய்வு பெற்றவனுக்கென்று ஊர் சில வேலைகளை ஒதுக்கி வைத்திருக்கிறது. விடிகாலையில் கும்பகோணம் மகாமகக் குளத்தைச் சுற்றி நடப்பது, பிரதோஷத்துக்குக் கோயிலுக்குப் போவது, கரண்ட் பில் கட்டுவது. கடைசி வேலையை செல்போன் பிடுங்கிக்கொண்டது. மீதி இரண்டிலும் எனக்கு முன்பே சேர்ந்தவர்கள் நல்ல இடம் பிடித்துவிட்டார்கள். ஆகவே நான் தமிழ் டைப்ரைட்டிங் லோயரில் சேர்ந்தேன்.

"ஏங்க, ரிட்டையர் ஆனதுக்கப்புறம் யாருக்குங்க டைப் அடிக்கப் போறீங்க?" என்றாள் மனைவி. நியாயமான கேள்விதான். சர்வீஸ் முழுக்க எனக்கு மற்றவர்கள் டைப் அடித்துக் கொடுத்தார்கள். கண்காணிப்பாளர் நாற்காலியில் உட்கார்ந்து, டைப்பிஸ்ட் கொண்டுவந்து வைக்கும் தாளில் சிவப்பு மையால் வட்டம் போடுவதில் மாவட்ட அளவில் எனக்குப் பெயர் இருந்தது. ஒற்று விடுபட்டிருந்தால் என் பேனா தானாகவே மூடியைக் கழற்றிக்கொள்ளும் என்பார்கள். அப்படிப்பட்ட கை, வீட்டுக் கம்ப்யூட்டர் முன்னால் ஒற்றை விரலை நீட்டி, கோழி தானியம் பொறுக்குவதுபோல் எழுத்தெழுத்தாகக் கொத்திக்கொண்டிருந்ததைப் பேத்தி பார்த்துவிட்டாள். சிரிக்கவில்லை. "நான் அடிச்சுத் தரட்டுமா தாத்தா?" என்று அன்பாகக் கேட்டாள். சிரித்திருந்தால் சும்மா விட்டிருப்பேன். அன்பைத்தான் தாங்க முடியவில்லை.

இன்ஸ்டிடியூட் ஒரு பாத்திரக் கடையின் மாடியில் இருந்தது. கீழே பித்தளைக் குத்துவிளக்கைத் தட்டித் தட்டி விலை பேசுவார்கள். மேலே நாங்கள் தட்டுவோம். ரெமிங்டன், ஹால்டா, பேசிட், கோத்ரெஜ் என்று என்னைவிட மூத்த மெஷின்களும் ஓரிரண்டு இளையவையும் வரிசையாக உட்கார்ந்திருந்தன. டைப்ரைட்டரை முதன்முதலில் பெரிய அளவில் செய்து 1874-இல் விற்பனைக்கு விட்டது ரெமிங்டன். அதற்கு முன்பே துப்பாக்கி செய்துகொண்டிருந்த கம்பெனி அது. எல்லா மெஷினும் ஒரே நேரத்தில் அடிக்கும்போது அந்த மாடியில் நின்று பார்த்தால், பழைய தொழிலை அவர்கள் முழுதாக விட்டுவிடவில்லை என்பது விளங்கும்.

டீச்சருக்கு என் மகள் வயது இருக்கும். நான் விஷயத்தைச் சொன்னதும், "பேரனா, பேத்தியா சார்? எந்த கிளாஸ் படிக்குது?" என்று அட்மிஷன் நோட்டைத் திறந்தார். சேரப்போவது நான்தான் என்றதும் நோட்டை மூடாமல், முகத்தையும் மாற்றாமல், "ஃபோட்டோ ரெண்டு கொண்டாங்க" என்றார். அந்த ஒரு காரியத்துக்காக அவருக்கு நல்லாசிரியர் விருது கொடுக்கலாம்.

முதல் பாடம், தமிழில் டைப் கற்ற யாரும் தூக்கத்திலும் சொல்லக்கூடிய மந்திரம்: யளனகபக, ட்மதாத. இடது கை முதல் பாதி, வலது கை இரண்டாம் பாதி. தாள் நிரம்பும் வரை அடிக்க வேண்டும். நிரம்பினால் அடுத்த தாள். இந்த மந்திரத்தில் 'ட்' என்று சின்னதாக ஒன்று நிற்கிறதே, அதில்தான் என் கதை முழுவதும் இருக்கிறது.

இருநூற்று நாற்பத்தேழு எழுத்தை நாற்பது சொச்சம் விசைக்குள் அடக்குவது சின்ன வேலை இல்லை. அதைச் செய்து காட்டியவர் ஆர். முத்தையா. 1886-இல் யாழ்ப்பாணத்தில் பிறந்து, பிழைப்புக்காக மலேயா பக்கம் போனவர். ஆங்கில மெஷினில் ஒரு விசையைத் தட்டினால் கேரேஜ் ஓர் எழுத்து நகர்ந்துவிடும். தமிழிலோ புள்ளியும் எழுத்தும் ஒரே இடத்தில் விழ வேண்டும். அதற்கு அவர் கண்ட வழி நகரா விசை. அதைத் தட்டினால் புள்ளி மட்டும் தாளில் விழும், கேரேஜ் அசையாது. அதன் பிறகு எழுத்தைத் தட்டினால் புள்ளிக்குக் கீழே போய்ச் சரியாக உட்காரும். ஆக, பள்ளிக்கூடத்தில் எழுத்தைப் போட்டுவிட்டுப் புள்ளி வைக்கக் கற்றவன், இங்கே புள்ளியை வைத்துவிட்டு எழுத்தைத் தேடிப் போக வேண்டும். வாழ்நாள் முழுக்க வலது காலில் முதலில் செருப்பு மாட்டியவனை இடது காலுக்கு மாற்றச் சொன்னால் எப்படி இருக்கும் என்று நான் விளக்கத் தேவையில்லை.

அந்தப் புள்ளியை யாரிடம் ஒப்படைத்திருக்கிறார்கள்? வலது கைச் சுண்டுவிரலிடம். தமிழில் ஒரு வரி எழுதிப் பாருங்கள், எத்தனை புள்ளி விழுகிறது என்று தெரியும். அத்தனை வேலையும் கையில் ஆகச் சின்ன ஆளின் தலையில். அரசு அலுவலகம் போலவே நடக்கிறது என்று முதலில் நெகிழ்ந்துபோனேன். பிறகுதான் நெகிழ்ச்சி குறைந்தது. என் சுண்டுவிரல் அதுவரை காது குடைவதைத் தவிர வேறு பொறுப்பு வகித்ததில்லை. "அன்புள்ள" என்று அடித்தால் "அனபுளள" என்று வந்தது. "தங்கள் கடிதம் கிடைத்தது" என்பது "தஙகள கடிதம கிடைதது" ஆனது. நான் சர்வீஸில் வட்டம் போட்டுப் பிடித்த ஒற்றுகள் எல்லாம் கூட்டம் போட்டு விடுப்பில் போய்விட்டன.

மோதிர விரல் இன்னும் மோசம். நம்பாதவர்கள் உள்ளங்கையை மேசைமேல் கவிழ்த்து, நடுவிரலை மட்டும் உள்ளே மடக்கிக்கொண்டு, மோதிர விரலைத் தூக்கிப் பார்க்கலாம். தூக்க வராது. புறங்கையில் அந்த விரல்களின் தசைநாண்கள் ஒன்றோடொன்று பிணைந்து கிடக்கின்றன. கூட்டுக் குடும்பத்தில் வளர்ந்த விரல். அண்ணனைக் கேட்காமல் அசையாது.

என் பக்கத்து மெஷினில் ஏழாம் வகுப்புப் படிக்கும் ஒரு பாப்பா. கோடை விடுமுறைக்குச் சேர்த்துவிட்டிருந்தார்கள். அவள் கூரையைப் பார்ப்பாள், ஜன்னலைப் பார்ப்பாள், கீழே பாத்திரக் கடைக்கு யார் வந்திருக்கிறார்கள் என்று எட்டியும் பார்ப்பாள். விரல் மட்டும் நிற்காது. நானோ விசைப்பலகையைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "தாத்தா, கீயைப் பாக்கக் கூடாது" என்பாள். சொல்லிவிட்டு எழுந்து வந்து, ஒரு தாளை என் கைமேல் கூடாரம்போலப் போர்த்திவிட்டுப் போவாள். டீச்சருக்கு வேலை மும்முரமான நாள்களில் பிழை எண்ணும் பொறுப்பும் அவளிடம் போகும். சிவப்புப் பேனாவை வாங்கிக்கொண்டு உட்காருவாள். வட்டம் போடுவதில் அவளுக்கு நல்ல கை. பழுத்த அனுபவம் உள்ளவன் சொல்கிறேன், எடுத்துக்கொள்ளலாம்.

வயதானால் மனத்தில் நிற்காது என்று சொல்கிறார்கள். அது அரை உண்மை. மந்திரம் சில நாளில் மனப்பாடம் ஆகிவிட்டது. சிக்கல் மனத்தில் இல்லை, முதுகில். ஏழாம் வகுப்புப் பிள்ளையிடம் தாளை நீட்டிவிட்டுக் கைகட்டி நிற்க முதுகு வளைய மறுக்கிறது. கற்றுக்கொள்வதில் பாதிச் செலவு இதற்கே போய்விடுகிறது என்பது என் கட்சி.

இதே கும்பகோணத்தில்தான் 1880-இல் கல்லூரித் தமிழாசிரியராக உ.வே. சாமிநாதையர் அமர்ந்தார். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் மாணவர். வேலைக்கு வந்த அதே ஆண்டில், ஊருக்கு முன்சீப்பாக வந்த சேலம் இராமசாமி முதலியார், என்னென்ன படித்திருக்கிறீர்கள் என்று கேட்டார். இவர் அந்தாதி, பிள்ளைத்தமிழ் என்று நீளமாக அடுக்கினார். முதலியார் அசரவில்லை, சிந்தாமணி படித்ததுண்டா என்றார். இல்லை. ஊரே மதிக்கும் கல்லூரி ஆசிரியர், அதற்குப் பிறகு உள்ளூர் சமணர் வீட்டுக்குப் போய், தெரியாததைக் கேட்டுத் தெரிந்துகொண்டார். அவர் பதிப்பித்த சீவக சிந்தாமணி 1887-இல் அச்சில் வந்தது. நானாக இருந்திருந்தால், முன்சீப்புக்குத் தமிழ் தெரியாது என்று நாலு பேரிடம் சொல்லிவிட்டு வேலையைப் பார்த்திருப்பேன்.

பக்கத்து மாநிலத்தில் ஒரு பாட்டி இன்னும் ஒரு படி மேலே. ஆலப்புழை மாவட்டத்துக் கார்த்தியாயினி அம்மா, 2018-இல் தம் 96-ஆம் வயதில் கேரள அரசின் எழுத்தறிவுத் தேர்வு எழுதி நூற்றுக்கு 98 வாங்கினார். அடுத்து கம்ப்யூட்டர் கற்க ஆசை என்று அவர் சொல்ல, அந்த மாநிலக் கல்வி அமைச்சர் வீடு தேடிப் போய் மடிக்கணினி கொடுத்தார். இந்தச் செய்தியை மனைவியிடம் வாசித்துக் காட்டினேன். "அந்தப் பாட்டி காலையில எழுந்து வாசல் தெளிச்சிட்டுத்தான் படிச்சிருப்பாங்க" என்றாள். செய்தியில் இல்லாத விவரம். ஆனாலும் மறுநாளிலிருந்து வாசல் தெளிப்பது என் பொறுப்பாகிவிட்டது.

உண்மையில் எங்கள் தலைமுறைக்குக் கற்றதைக் கழற்றி மாட்டிக்கொள்வது புதிதும் இல்லை. லை, ணை, னை எல்லாவற்றுக்கும் தும்பிக்கை வைத்து எழுதி வளர்ந்தவர்கள் நாங்கள். 1978-இல் அரசாணை வந்து தும்பிக்கையை வெட்டியது. பெரியார் பல பத்தாண்டுகளாகக் கடைப்பிடித்துவந்த சீர்திருத்தம். டைப்ரைட்டருக்கும் அச்சுக்கும் பெரிய உபகாரம். நாங்கள் முணுமுணுத்துக்கொண்டே மாற்றி எழுதப் பழகினோம். என் தாத்தா மட்டும் கடைசிவரை ஒப்புக்கொள்ளவில்லை. மளிகைக் கணக்கில்கூட யானையை விட்டுக்கொடுக்காமல் இருந்தார்.

லோயர் தேர்வில் நிமிடத்துக்கு 30 சொல், பத்து நிமிடம். ஐந்து தட்டு ஒரு சொல் என்று கணக்கு. தேர்வு மையத்துக்கு மெஷினையும் நாமே கொண்டுபோக வேண்டும். குட்டியானை வண்டியில் மெஷின்களை அடுக்கிக் கயிறு கட்டி, டிரைவர் பக்கத்தில் டீச்சர் உட்கார, நாங்கள் பஸ்ஸில் பின்தொடர்ந்தோம். நான் ஹாலுக்குள் நுழைந்ததும் கண்காணிப்பாளர் சட்டென்று எழுந்து வணக்கம் சொன்னார். பறக்கும் படை என்று நினைத்திருக்கிறார். நானும் பழக்கதோஷத்தில் தலையை அசைத்து, "உக்காருங்க, உக்காருங்க" என்றேன். ஹால் டிக்கெட்டை நீட்டிய பிறகு நாங்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவில்லை.

பாஸ். பாப்பாவும் பாஸ், என்னைவிடக் கூடுதல் மார்க்கில். ஸ்வீட் பெட்டியோடு வந்து, "ஹையர்ல நிமிஷத்துக்கு 45 தாத்தா, இப்பவே சொல்லிட்டேன்" என்று எச்சரித்துவிட்டுப் போனாள்.

பெங்களூரிலிருந்து மகன் ஃபோன் செய்தான். "எதுக்குப்பா இவ்வளவு சிரமம்? செல்ஃபோன்ல பேசினாலே அதுவா டைப் பண்ணிடும்" என்றான். சரி, அதையும் பார்த்துவிடுவோம் என்று சமையலறைப் பக்கம் உட்கார்ந்து, எங்கள் தெருவில் எரியாத விளக்கைப் பற்றி மாநகராட்சிக்கு ஒரு மனு சொன்னேன். ஒற்று ஒன்றுகூடத் தப்பாமல் அழகாக வந்தது. பெருமையோடு அனுப்பியும் விட்டேன். அனுப்பிய பிறகு வாசித்தபோதுதான், "மேற்படி விளக்கைப் பழுது பார்த்து" என்பதற்கும் "ஆவன செய்யுமாறு கேட்டுக்கொள்கிறேன்" என்பதற்கும் நடுவில், "ஏங்க வரும்போது தேங்காய் ஒண்ணு, முத்தலாப் பாத்து" என்று இருந்தது.

ஹையருக்குப் பணம் கட்டிவிட்டேன்.